பொறிக்கு நாம் இடும் பெயர்

(காஞ்சிபுரம் செவிலிமேட்டில் நெசவாளர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பாலாற்றை அடுத்த இச் செவிலிமேட்டில்தான் யான் பிறந்தேன். 2011-இல் நம் பேரூர் காஞ்சி நகராட்சியோடு சேர்ந்தது; 2021-இல் அந்நகராட்சி மாநகராட்சி ஆயிற்று. ஊரின் ஆட்சிப்பெயர் இருமுறை மாறியும் நம் தெருக்களில் தறியோசை நிற்கவில்லை. ஆனால் அவ்வோசையோடு இன்று மின்னோடியின் ஓசையும் கலந்து கேட்கிறது. அதைக் கேட்டு மகிழ்வதா, அஞ்சுவதா என்பதே இன்று யான் உங்கள்முன் வைக்கும் வினா. இதற்கு விடை தேடி அறிஞர் மூவரிடம் யான் உரையாடினேன். அவர்கள் சொன்னவற்றையே இங்குத் தொகுத்துச் சொல்ல வந்துள்ளேன்.

முதலில் என் பிழையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கைத்தறிக்குள் எந்தப் பொறியும் நுழையலாகாது என்று மேடைதோறும் பேசியவன் யான். ஒருநாள் என் தமக்கை மகன் தன் தறியில் புதிதாக ஓர் அமைப்பைப் பூட்டினான். கயிற்றை இழுத்தால் கரை நாடா தானே ஓடும். பக்கத்தில் ஆள் வேண்டா. “இது கைத்தறிக்கு இழுக்கு” என்றேன். அவன் அமைதியாகக் கேட்டான்: “மாமா, எட்டு அகவையில் உங்களைப் பள்ளியினின்று நிறுத்திக் கரை நாடா போட உட்கார வைத்தார்களே, மறந்துவிட்டீர்களா? இந்தக் கயிறு வேண்டா என்றால், என் மகனை அங்கே உட்கார வைக்கட்டுமா?”

யான் வாயடைத்துப் போனேன். கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று. உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. உடலின் நிறம் வேறு, கரையின் நிறம் வேறாதலால், ஒவ்வோர் ஊடையிலும் இரண்டும் கோத்துக்கொள்ள வேண்டும். நெய்பவர் ஒருவர், அவர் பக்கத்தில் மறுகரை நாடாவை வாங்கியும் விட்டும் உதவ இன்னொருவர். அந்த இன்னொருவர் நம் தெருக்களில் நெடுங்காலம் சிறு பிள்ளையாகவே இருந்தார். என் தந்தையார் கொடியவர் அல்லர். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாதவர். அந்தக் கயிறு என் சிறு அகவையில் வந்திருந்தால் யான் எழுத்தை மாலைப்பள்ளியில் தேடி அலைந்திருக்க வேண்டா. அன்று தொட்டுப் பொறியைப் பற்றிய என் கருத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன்.

யான் கண்ட முதல் அறிஞர் இவ்வூரின் முதிய நெசவாளர் ஒருவர். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவரை அறிஞர் என்பதா என்று எவரேனும் வியந்தால், அவர் முன் ஒருமணி நேரம் அமர்ந்துவிட்டு வந்து பேசட்டும். சக்கார்டுப் பெட்டி தறிமேல் ஏறுவதற்கு முன் நம்மவர் அடை கட்டி நெய்தனர். எந்தப் பாவிழை எப்போது எழ வேண்டும், எது படிந்து கிடக்க வேண்டும் என்பதை நூலிழைகளிலேயே முடிந்து தறியில் தொங்கவிடும் முறை அது. அன்னமும் மயிலும் உருத்திரமணியும் அந்த முடிச்சுகளில் உறங்கிக் கிடந்தன. இழுத்தால் எழுந்தன.

“ஐயா, சக்கார்டு வந்தபோது அடையை இழந்தோமே, உங்களுக்கு வருத்தம் இல்லையா?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “அடை கட்டியவன் மூளை பெரிது, தம்பி. ஆனால் பெட்டி வந்தபோதும் அட்டையை யார் குத்தினார்? நம் தெருவில் இருந்தவன் குத்தினான். கட்டத்தாளில் யார் வரைந்தார்? நம்மவன் வரைந்தான். அட்டை கிழிந்தால் நானே ஒட்டினேன். கொக்கி வளைந்தால் நானே நிமிர்த்தினேன். பெட்டி எனக்கு அடங்கி நின்றது.” இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அறிஞர் ஓர் இளம்பெண். நெசவாளர் மகள், கணினியியல் கற்பிக்கும் பேராசிரியர். அவர் என்னைத் தறிமுன் நிறுத்திக் கணினியின் கால்வழியைச் சொன்னார். பிரெஞ்சு நாட்டு இலியோன் நகரில் 1804-இல் சக்கார்டு என்பார் தம் பொறியை நிறைவுசெய்தார். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருந்தால் ஊசி நுழையும். கொக்கி பாவிழையைத் தூக்கும். துளை இல்லையேல் இழை கிடக்கும். உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் ஒரு பூவையே எழுதிவிடலாம் என்று அவ்வட்டைகள் உலகிற்குக் காட்டின. அதைக் கண்டே இங்கிலாந்தில் சார்லசு பாபேசு என்பார் 1837-இல் தாம் வகுத்த கணிப்பொறிக்கு அட்டைகளை வேண்டினார். 1890-இல் அமெரிக்க நாட்டு மக்கள்தொகைக் கணக்கைத் துளையட்டைகளைக் கொண்டே எர்மன் ஒல்லெரித்து என்பாரின் பொறிகள் எண்ணின. “நம் பாட்டன் தறிமேல் இருந்தது கணினியின் பாட்டன், ஐயா. கணினி நமக்கு அயலான் இல்லை” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது என் உள்ளம் நிமிர்ந்தது.

அவரே இன்னொன்றும் சொன்னார். 1811, 1812 ஆண்டுகளில் இங்கிலாந்தில் காலுறை பின்னும் தொழிலாளர் தம் கூலியைக் குறைத்த பொறிகளை உடைத்தனர். பொறியை உடைத்தால் தூக்கு என்று அந்நாட்டு மன்றம் 1812-இல் சட்டம் இயற்றிற்று. இலியோன் பட்டு நெசவாளரோ 1831-இல் கிளர்ந்தெழுந்தபோது, நெய்த துணிக்குக் குறைந்த அளவு விலை இதுவென்று வரையறுத்துத் தருக என்றே கேட்டனர். அவர்கள் தறிமேல் சக்கார்டு இருந்தது. அதனால் மிகுந்த வருவாய் யார் கைக்குப் போகிறது என்பதே அவர்தம் வழக்கு. நம் வழக்கும் அதுவேயன்றோ?

இனி இன்றைய நிலைக்கு வருவோம். நம் தறிகள் சிலவற்றில் மின்னணுச் சக்கார்டு ஏறிவிட்டது. அட்டை இல்லை, குத்துவோர் இல்லை. வடிவம் கணினிக் கோப்பாக வருகிறது; சிறு மின்காந்தங்கள் கொக்கியைத் தேர்கின்றன. மின்னோடி பெட்டியைத் தூக்குவதால் மிதிபலகையில் காலின் சுமை குறைகிறது. முழங்கால் தேய்ந்து முடங்கிய நெசவாளரைப் பெற்ற வீடுகள் இங்குப் பல. அவர்கள் இப்பொறியைப் பழிக்கமாட்டார்கள், யானும் பழிக்கமாட்டேன்.

ஆனால் சென்ற தை மாதம் என் தமக்கை மகன் வீட்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். திருமணச் சேலை ஒன்று முந்தி நெய்யும் கட்டத்தில் இருந்தது. இரவில் பெட்டி நின்றது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. பொறியை விற்றவருக்குத் தொலைபேசினான். மறுமொழி ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. சீர்செய்வோர் வர மூன்று நாள் ஆயிற்று. வந்தவர் தளர்ந்திருந்த ஒரு கம்பி முனையை அழுத்திச் செருகினார், பெட்டி ஓடிற்று. அவ்வளவே! அந்த ஆங்கில வரி அதைத்தான் சொல்லியிருக்கிறது. மூன்று நாள் கூலி போயிற்று. சேலை காலத்தில் சேராமையால் கொடுத்தவர் விலையில் குறைத்தார். முப்பதாண்டு தறியில் அமர்ந்தவன், தன் தறியின் முன் ஏதும் அறியாதவனாய்க் கைகட்டி நின்றான்.

முதியவர் சொன்ன சொல்லை இங்கு எண்ணுங்கள். பழைய பெட்டி அவருக்கு அடங்கி நின்றது. புதிய பெட்டிமுன் நாம் அடங்கி நிற்கிறோம். இவ்வேறுபாட்டுக்குக் கரணியம் மின்சாரமா? இல்லை என்றார் யான் கண்ட மூன்றாம் அறிஞர்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சொல்லாராய்ச்சியில் தோய்ந்தவர். அவர் கேட்டார்: “நூல் என்றால் இழை, நூல் என்றால் பொத்தகம். பவணந்தியார் நன்னூலில் நூல் யாப்பதைப் பருத்தி நூற்பதோடு ஒப்பிட்டார். தறித்தொழிலிலிருந்தே கல்விக்குச் சொல் எடுத்த மொழி நம்மொழி. பாவு, ஊடை, விழுது, அச்சு, மிதி, தார், அடை, கோர்வை என்று தறியின் ஒவ்வோர் உறுப்புக்கும் வினைக்கும் பெயர் வைத்தவர் யார்? புலவரா? நெய்தவர் வைத்தார். பெயர் தெரிந்த உறுப்பு பழுதானால், எது பழுது என்று வாய் சொல்லும், கை செல்லும். பெயர் தெரியாத உறுப்பு பழுதானால், ‘ஏதோ ஆகிவிட்டது’ என்பதோடு அறிவு நின்றுவிடும்.”

இதற்கு அவர் காட்டிய சான்று யாழ்ப்பாணத்தில் உள்ளது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் அங்கு வந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மேலை மருத்துவம் கற்பித்தவர், 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். ஊர்ப்புறத்தில் தம் மக்களிடையே இருந்து பணிசெய்யும் மருத்துவர் வேண்டும் என்பதே அவர் நோக்கம். அயல்நாட்டார் ஒருவர் ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் செய்து காட்டியதை, நம் தறிமேல் ஏறும் ஒரு பெட்டிக்குச் செய்ய இயலாதா? 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே கணினி விசைப்பலகைக்கு ஒரு பொது அமைப்பை அரசு ஏற்றதே! கணினி, இணையம், மின்னஞ்சல் என்ற சொற்களை இன்று பள்ளிப்பிள்ளையும் இயல்பாய்ச் சொல்கிறதே! திரையில் தமிழ் எழுத்து தோன்றுவதற்குத் தடையேதும் இன்றில்லை. கேட்பார் இல்லாமையே குறை.

எனவே, பெருமக்களே, பொறி எதுவாயினும் அது வாயிற்படி ஏறுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது யாருடைய உடல்வருத்தத்தைக் குறைக்கிறது? இதனால் மிகும் வருவாய் யார் கைக்குப் போகிறது? இது பழுதானால் எம்மொழியில் எமக்குச் சொல்லும்?

முதல் வினாவுக்கு நல்ல விடை தந்தால் வரவேற்போம். இரண்டாம் வினாவில் விழிப்பு வேண்டும். சேலை உள்ளிட்ட சில துணிவகைகளைக் கைத்தறிக்கே உரியவையாக ஒதுக்க 1985-இல் நடுவணரசு சட்டம் செய்தது. உச்சநீதிமன்றம் 1993-இல் அதை நிலைநிறுத்திற்று. தொடக்கத்தில் 22 வகையாக இருந்த ஒதுக்கீடு பின்னர் 11 ஆகச் சுருங்கிற்று. அதிலும் சேலை உண்டு. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இவ்வளவு இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய சேலை கைத்தறி என்னும் பெயரில் விலைபோகிறது. நெசவாளரின் காலுக்கு ஓய்வு தரும் மின்னோடி வேறு. நெசவாளரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் பெயரைத் திருடும் பொறி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே யான் முன்பு செய்த பிழை.

மூன்றாம் வினாவுக்கு விடை நம் கையில் உள்ளது. கூட்டுறவுச் சங்கங்கள் இப்பொறிகளை வாங்கும்போது, திரையும் கையேடும் தமிழில் இருந்தாலன்றி வாங்கோம் என்று எழுதிக் கேட்கட்டும். ஒருவர் கேட்டால் விற்பவர் சிரிப்பார். நூறு தறி சேர்ந்து கேட்டால் எழுதித் தருவார். அதுவரை நாம் கைகட்டி இருக்க வேண்டா. அந்தப் பேராசிரியரும் தமிழாசிரியரும் என் தமக்கை மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து வைத்து அமர்ந்தனர். மகள் உறுப்பின் வேலையைச் சொன்னாள். நெய்பவன் தன் வாய்க்கு வந்த பெயரைச் சொன்னான். ஆசிரியர் பொருந்துமா என்று பார்த்தார். தூக்கி, தேர்வி, கோப்புவாய், பிழைவிளக்கு என்று சில பெயர்கள் பிறந்தன. பிழை வரிகளுக்குத் தமிழில் பொருள் எழுதிய தாளொன்று இன்று அத் தறியின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பெயர்களில் சில நிற்கும், சில உதிரும். உங்களில் எவருக்கேனும் இவற்றினும் நல்ல பெயர் தோன்றினால் சொல்லுங்கள். தாளை மாற்றி எழுதுவோம்.

சென்ற மாதம் அப்பெட்டி மீண்டும் நின்றது. என் தமக்கை மகனின் மகன், எட்டாம் வகுப்பில் படிப்பவன், பள்ளிவிட்டு வந்தவுடன் சுவரில் இருந்த தாளைப் படித்தான். “அப்பா, கோப்புவாயில் தூசு” என்றான். துடைத்தனர், தறி ஓடிற்று. கால்மணி நேரமும் ஆகவில்லை. அதன்பின் அவன் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு படிக்கப் போய்விட்டான்.

அவன் அகவையில் யான் அத் தறிக்குழியின் பக்கத்தில் நாடாவோடு அமர்ந்திருந்தேன். இவன் படிக்கப் போகிறான். இதைத் தரும் பொறியை நாம் ஏற்போம். நம் சொல்லால் அதற்குப் பெயரிட்டு, நம் கைக்கு அடக்கி ஆள்வோம்.