பெரிய டச் ஸ்கிரீன், ஒரே ஒரு பேனா

மீட்டிங் ரூம் சுவர்ல மாட்டியிருக்கிற அந்தப் பெரிய டச் ஸ்கிரீன் பத்திதான் இன்னைக்கு எபிசோடு.

பிரெய்ன்ஸ்டார்மிங் பண்ணத்தான் அதை வாங்கியிருப்பாங்க. ஆனா நிறைய ஆபீஸ்ல அது வெறும் டிவி. லேப்டாப்ல இருக்கிற பிபிடியைப் பெருசா காட்டும், அவ்வளவுதான். பிரெய்ன்ஸ்டார்மிங்னு உட்கார்ந்தாலும் ஒருத்தர் எழுதுவார், ஏழு பேர் பார்ப்பாங்க. அந்த ஒருத்தர் பெரும்பாலும் டீம் லீடாத்தான் இருப்பார். புதுசா சேர்ந்த ஃப்ரெஷர் ஒரு ஐடியா சொன்னா, அது லீடுக்குப் புரிஞ்ச வார்த்தையில திரையில ஏறும். சில நேரம் ஏறாமலே போயிடும். ஆறு மாசம் கழிச்சு அப்ரைசல்ல அதே ஃப்ரெஷருக்கு, "மீட்டிங்ல பங்கெடுக்கிறதில்லை"ன்னு கமென்ட் வரும்.

இதுக்கு மெஷினைக் குறை சொல்ல முடியாது. 2016-ல கூகுள் அறிவிச்ச ஜாம்போர்டு 55 இன்ச் திரை. ஒரே நேரத்துல 16 தொடுதலை அது உணரும். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஹப்போட 84 இன்ச் மாடல் 100 தொடுதல் வரைக்கும் போச்சு. அத்தனை விரலுக்கு அங்க இடம் இருக்கு. நாமதான் ஒரே ஒரு பேனாவைக் கொடுக்கிறோம்.

பிரெய்ன்ஸ்டார்மிங்ங்கிற முறையைப் பிரபலமாக்கினவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன்னு ஒரு அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். குழுவா யோசிச்சா ஐடியா பெருகும்னு அவர் சொன்னார். 1958-ல யேல் பல்கலைக்கழகத்துல இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. நாலு பேர் சேர்ந்து பேசின குழுவைவிட, தனித்தனியா யோசிச்ச நாலு பேரோட பட்டியலைச் சேர்த்தப்போ ஐடியாக்கள் அதிகமா இருந்துச்சு. ஏன் இப்படின்னு 1987-ல மைக்கேல் டீல், வுல்ஃப்கேங் ஸ்ட்ரோப்னு ரெண்டு உளவியலாளர்கள் ஆராய்ஞ்சாங்க. முக்கியக் காரணம் ரொம்ப எளிமையானது: ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். நம்ம முறை வர்றதுக்குள்ள யோசிச்சது மறந்துபோகும், இல்லைன்னா "இதைப் போய் சொல்லணுமா"ன்னு நாமளே விட்டுடுவோம்.

அதனால என் கருத்து இதுதான். ஐடியாவை உருவாக்க பெரிய திரை வேண்டாம். உருவான ஐடியாக்களைப் பிரிச்சு அடுக்கத்தான் அது வேணும்.

எங்க டீம்ல இப்படித்தான் பண்றோம். முதல் பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது. அவங்கவங்க போன்லயோ லேப்டாப்லயோ ஒயிட்போர்டு ஆப்ல, பேர் இல்லாம, ஒரு நோட்டுக்கு ஒரு ஐடியான்னு எழுதணும். அப்புறம் எல்லாத்தையும் பெரிய திரையில திறக்கிறோம். மூணு மூணு பேரா எழுந்து போய், ஒத்துப்போற நோட்டுகளை இழுத்துப் பக்கத்துல வைக்கணும். ஏன் மூணு பேர்? 65 இன்ச் திரையோட அகலம் ஐந்து அடிகூட வராது. நாலாவது ஆள் வந்தா தோள் இடிக்கும். லீட் கடைசி செட்லதான் போவார்.

ரெண்டு நடைமுறை விஷயம். பெரிய திரைகள்ல நிறைய அகச்சிவப்புக் கதிர்ல வேலை செய்றவை. ஓரச் சட்டத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் குறுக்கும் நெடுக்குமா ஓடும். அதை எது மறைச்சாலும் தொட்டதாத்தான் எடுத்துக்கும். தொங்குற ஐடி கார்டு, துப்பட்டா, சட்டைக் கை எல்லாமே விரல் கணக்குதான். ஐடி கார்டைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க. அடுத்தது, டூல்பாரைத் திரையோட கீழ்ப் பக்கம் வைங்க. உயரம் குறைஞ்சவங்களுக்கு எட்டலைன்னா அவங்க பார்வையாளரா ஆயிடுவாங்க.

இன்னொரு கேள்வி: எது யாரோட ஐடியா? 2001-ல மிட்சுபிஷி ஆய்வகம் டைமண்ட்டச்னு ஒரு மேஜையைக் காட்டுச்சு. மேஜையில இருந்து வர்ற சிக்னல், தொடுறவரோட உடம்பு வழியா அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குப் போகும். தொட்டது யாருன்னு மேஜைக்கே தெரியும்! நம்ம ஆபீஸ் திரைகள் பொதுவா அப்படி இல்லை. தொட்டாங்கன்னு தெரியும், யாருன்னு தெரியாது. எழுதும்போது பேர் மறைஞ்சிருந்தா ஃப்ரெஷருக்குத் தைரியம் வரும். ஆனா கடைசிவரை மறைஞ்சே இருந்தா பாராட்டும் போய்ச் சேராது. அதனால, எதை எடுத்துச் செய்யப்போறோம்னு வோட்டு போட்டு முடிச்சதும், அந்த நோட்டுல எழுதினவர் பேரைச் சேர்க்கிறோம்.

முடிஞ்சதும் போர்டை பிடிஎஃப்பா இறக்கி வைங்க. ஜாம்போர்டை கூகுள் 2024 கடைசியோட மூடிடுச்சு. திரையை நம்பி மட்டும் ஐடியாவை விட்டுவைக்காதீங்க.

அடுத்த மீட்டிங்ல அந்தப் பத்து நிமிஷ அமைதியை மட்டுமாவது முயற்சி பண்ணிப் பாருங்க. இதுவரை வாயே திறக்காதவங்ககிட்ட இருந்து எத்தனை நோட்டு வருதுன்னு எண்ணிட்டு, எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!