பாரிஸில் ஒரு பெண்மகவுக்குப் பெயர்



பாரிஸ் மாநகரில் வாழும் என் பெறாமகள் சென்ற ஆண்டு எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். “சித்தப்பா, இங்கே பிள்ளை பிறந்து ஐந்து நாட்களுக்குள் நகரசபையில் பெயரைப் பதிந்துவிட வேண்டும். முதற்பெயர் ‘கிளேர்’ என்று தீர்மானித்துவிட்டோம். இரண்டாவது பெயராக ‘ஆன்’ என்று வைத்தால், அப்பம்மாவின் அன்னபூரணம் என்ற பெயருக்கு அது ஈடாகுமா?”

31 ஆம் நாள் துடக்குக் கழித்து ஆறுதலாகப் பெயரிடும் நமக்கு ஐந்து நாள் அவசரமாகவே தோன்றும். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னரோ அங்கே தவணை மூன்றே நாட்கள்!

பிரெஞ்சுக்காரர் பெயர் விடயத்தில் நெடுங்காலம் கண்டிப்புடையோராயிருந்தனர். நெப்போலியன் முதற் கொன்சலாயிருந்த 1803 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், நாட்காட்டிகளிற் காணும் பெயர்களையும் பண்டைய வரலாற்று மாந்தரின் பெயர்களையுமே ஏற்றது. அந்நாட்டின் மேற்கே பிரெத்தோன் மொழி பேசிய பெற்றோர் சிலர் தம் மொழிப் பெயர்களை இட முனைந்தபோது பதிவாளர் மறுத்ததுமுண்டு. 1966 இல் ஓர் அமைச்சுச் சுற்றறிக்கை கட்டைச் சிறிது தளர்த்தியது. 1993 ஜனவரியிற் பிறந்த சட்டமே தெரிவைப் பெற்றோர் கையில் ஒப்படைத்தது. இன்றும் பிள்ளையின் நலனுக்கு ஊறு விளைக்கும் பெயரை நீதிபதி நீக்கலாம். ரொட்டியிற் பூசும் இனிப்புப் பசையாகிய ‘நுத்தெல்லா’வின் பெயரைத் தம் மகளுக்கு இட்ட பெற்றோரின் செய்தி 2015 இல் வெளிவந்தது. வலன்சியேன் நகர நீதிமன்றம் அக்குழந்தையை ‘எல்லா’ ஆக்கியது. நல்ல காரியம்.

கிளேர் என்னும் தெரிவில் எனக்குக் குறையில்லை. ‘ஒளியுள்ள’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் அது. நம் நாவுக்கும் எளிது. ‘ழெனவியேவ்’ என்று வைத்திருந்தால் ஊரிலுள்ள கிழவிகள் என்ன பாடுபட்டிருப்பர்!

இரண்டாம் பெயரே சிக்கல். பிரெஞ்சுக் குடும்பங்களில் அவ்விடம் பெரும்பாலும் பாட்டிக்கோ ஞானத்தாய்க்கோ உரியது. உலகம் சீமோன் என்று மட்டும் அறிந்த எழுத்தாளர் சீமோன் த போவுவாரின் முழுப்பெயர்வரிசை சீமோன், லூசி, எர்னெஸ்தீன், மரி என்பதாகும். அழைப்பதற்கு ஒன்று, ஏனையவை ஏட்டில் உறங்குவன. ஆயினும் பிறப்புப் பதிவிலுள்ள எப்பெயரையும் ஒருவர் தம் வழக்குப் பெயராகக் கொள்ளலாம் என்பது அந்நாட்டுக் குடியியற் சட்டம். உறங்கும் பெயர் ஒருநாள் விழிக்கவுங் கூடும்.

ஆகவே ‘ஆன்’ வேண்டாமென எழுதினேன். அழகான பெயர்தான், ஆனால் அருள் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லின் வழிவந்தது. அன்னபூரணத்துக்கும் அதற்கும் ஓசையிற் சிறிது ஒற்றுமையன்றி வேறு உறவில்லை. அந்தப் பிள்ளை இருபது வயதில் தன் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் ‘ஆன்’ என்பதிலிருந்து எந்தப் பூட்டியைக் கண்டுபிடிப்பாள்? நான் இவ்விடயத்தில் நடுநிலையாளன் அல்லேன். அது என் தாயாரின் பெயர். அவர் கண்மூடி ஆறு ஆண்டுகளாகின்றன.

மேலும் இரண்டு குறிப்புகள் எழுதினேன். இரு பெயர்களுக்கும் நடுவே இடைக்கோடு வேண்டாம். இட்டால் இரண்டும் ஒரே பெயராகிவிடும். அடுத்தது எழுத்துக்கூட்டல். ‘பூ’ என்பதற்கு ஆங்கில வழக்கப்படி இரண்டு ‘ஓ’ எழுதினால் பிரெஞ்சு நாவு அதை வேறாக ஒலிக்கும். ‘ஓ’வும் ‘யூ’வும் சேர்த்தெழுத வேண்டும். இறுதியில் ஒலியாத ‘ஈ’ ஒன்றைச் சேர்த்தால் ‘ம்’ மூக்கொலியிற் கரையாது நிற்கும். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் ஆறுமுகம் என்ற பெயரை அவ்வாறே எழுதினர்.

பிள்ளை பிறந்த நாலாம் நாள் தகப்பன் நகரசபைக்குப் போனார். எழுதுவினைஞராகிய பெண்மணி எழுத்தெழுத்தாகக் கேட்டெழுதி, பின்பு வாய்விட்டு ஒருமுறை வாசித்தாராம். அன்றிரவு தொலைபேசியில் என் பெறாமகள் அதை அப்படியே சொல்லிக்காட்டினாள். ‘ர’கரம் மட்டும் தொண்டையிலிருந்து வந்தது, மற்றப்படி அன்னபூரணம்தான்.