நிரலும் சோதனையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



'கணிப்பொறித் துறையும் நம் பிள்ளைகளின் எதிர்காலமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அது பெரிய தலைப்பு. எதிர்காலத்தைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சிறு வேலையைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எவரும் திருத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்டிருக்கும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றில் நாமும் சில வரிகளை எழுதிச் சேர்ப்பதும், அவ்வரிகள் சரியாக நடக்கின்றன என்பதற்கான சோதனையை உடன் எழுதிக் கொடுப்பதுமே அந்த வேலை.

பைத்தான் என்னும் நிரல்மொழியை மாணவர்கள் அறிவீர்கள். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறைப் பொழுதுபோக்காக அதைத் தொடங்கினார்; 1991-இல் பொதுவில் வெளியிட்டார். பெயர் மலைப்பாம்பைக் குறித்ததன்று. மான்ட்டி பைத்தான் என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவினரைக் குறித்தது. அம்மொழியில் எழுதப்பட்ட பெருந்திட்டங்களுள் ஒன்று ஜாங்கோ. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் என்னும் சிறு நகரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தின் அன்றாடத் தேவைக்காக இரண்டு இளைஞர்கள் எழுதத் தொடங்கியது அது. 2005 ஜூலையில் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார்க் கலைஞருடையது. ஐரோப்பாவில் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த ரோமா இனத்தில் பிறந்தவர்; 1928-இல் தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னும் வாசித்தவர். இது நம் பொருளுக்கு வெளியே உள்ள செய்திதான். ஆயினும் இந்த அவையில் அதைச் சொல்லாமல் கடந்து செல்ல மனம் வரவில்லை.

ஜாங்கோவில் புதிதாகச் சேர விரும்புவோர்க்கு அவர்களே ஒரு பாடம் எழுதி வைத்திருக்கிறார்கள். 'டோஸ்ட்' என்ற சொல்லைத் திருப்பித் தருவதைத் தவிர வேறொன்றும் செய்யாத ஒரு நிரலைச் சேர்க்கச் சொல்கிறது அப்பாடம். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சோதனையை எழுது என்கிறது. அதை ஓட்டு, அது தோற்க வேண்டும். பின்னரே நிரலை எழுது, மறுபடி ஓட்டு, இப்போது வெல்ல வேண்டும். அதன் பிறகு மற்றவர்கள் இதுவரை எழுதி வைத்திருக்கும் பல்லாயிரம் சோதனைகளையும் ஓட்டி, உன் வரியால் எதுவும் கெடவில்லை என்று பார்த்துக்கொள். முன்னே தோற்றுப் பின்னே வெல்லும் சோதனைதான் சான்று. தொடக்கத்திலேயே வென்றுவிடும் சோதனை எதையும் மெய்ப்பிப்பதில்லை. சோதனையின்றி வரும் திருத்தங்களுக்குச் 'சோதனை தேவை' என்று குறியிட்டு வைத்துவிடுவது அங்கே வழக்கம். அக்குறி நீங்கும்வரை அது உள்ளே செல்லாது.

இவ்வழக்கத்தின் பொருள் எனக்கு விளங்கியது படித்தன்று, பட்டு.

சில ஆண்டுகளுக்கு முன், நீண்ட தலைப்புகளைச் சுருக்கித் தரும் ஒரு சிறு பைத்தான் நிரல் தொகுப்பைப் பயன்படுத்தி வந்தேன். ஆங்கிலத்தில் அது நன்றாக நடந்தது. தமிழில் எழுத்தை நடுவே வெட்டியது. 'கல்வி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அதில் மூன்று எழுத்துகள். பைத்தானோ ஐந்து என்று எண்ணும். க, ல, அதன் மேற்புள்ளி, வ, அதன் இகரக் குறி என்று யூனிகோட் முறையில் ஐந்து குறிகள். நான்கு குறிகளோடு நிறுத்து என்றால் இகரக் குறியை அறுத்துவிட்டுக் 'கல்வ' என்று தரும். 'மரம்' என்பதை மூன்றோடு நிறுத்தினால் புள்ளி போய் 'மரம' என்றாகும்.

ஓர் இரவு அமர்ந்து திருத்தினேன். ஒரு குறி முந்தைய எழுத்தோடு ஒட்டுவதா என்று கேட்டறிய, 'கம்பைனிங்' என்ற செயற்கூறு பைத்தானுடனேயே வருகிறது. அதைக் கொண்டு, ஒட்டும் குறிக்கு முன்னே வெட்டாதே என்று எழுதினேன். 'மரம்' என்பதைக் கொடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பெருமிதத்தோடு அனுப்பினேன். பத்து நாள் கழித்து, அதைப் பராமரிப்பவரிடமிருந்து ஒரே வரியில் மறுமொழி வந்தது: 'இதற்கான சோதனை எங்கே?'

நண்பர்களே, சான்று கேட்கும் குரல் எனக்குப் புதிதன்று. உங்களில் பலர்க்கும் புதிதன்று. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த நிறுவனத்தில் என்னோடு சேர்ந்தவர்களின் நிரல் அப்படியே சென்றது. என்னுடையதை மட்டும் இருவர் பார்த்த பின்னரே அனுப்பினார்கள். காரணம் எவரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஆகவே அந்த ஒரு வரியைப் படித்ததும், 'இங்கேயுமா?' என்றுதான் தோன்றியது. கணிப்பொறியை மூடிவிட்டேன். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

பின்னர் ஒரு நாள், அத்தொகுப்புக்கு வந்த பழைய திருத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தேன். யார் என்ன அனுப்பினார், யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் அங்கே அழியாமல் கிடக்கும். பெரிய பெரிய நிறுவனங்களிலிருந்து வந்தவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். அத்தொகுப்பை முதன்முதலில் எழுதியவரே அனுப்பிய ஒரு திருத்தத்தின் கீழும் இன்னொருவர் அதையே கேட்டிருந்தார். அவரும் சோதனையை எழுதிச் சேர்த்திருந்தார்.

நானும் எழுத அமர்ந்தேன். 'மரம்' வென்றது. அடுத்ததாக, 'கல்வி'யை நான்கு குறிகளுக்குள் சுருக்கினால் 'கல்' என்று வர வேண்டும் என்று எழுதி ஓட்டினேன். தோற்றது! என் திருத்தமே தவறாக இருந்தது. நான் நம்பிய அந்தச் செயற்கூறு தமிழ் மேற்புள்ளியை ஒட்டுக்குறி என்று சொல்கிறது. உயிர்மெய்க் குறிகளுக்கோ சுழி என்று விடை தருகிறது. அது எண்ணிப் பார்ப்பது வேறொரு கணக்கு. குறியின் வகை என்ன என்று கேட்டு, அது எம் என்ற எழுத்தில் தொடங்கினால் ஒட்டுவது என்று கொள்வதே இங்கே பொருந்தும். மாற்றி எழுதினேன், ஏழு சொற்களுக்குச் சோதனை சேர்த்தேன், ஏழும் வென்றன. 'க்ஷ' போன்ற கூட்டெழுத்தை இம்முறை காக்காது என்பதையும் குறிப்பாக எழுதி வைத்தேன். மூன்றாம் நாள் திருத்தம் ஏற்கப்பட்டது.

அந்த நிறுவனத்தில் கேட்கப்பட்டதும் சான்றுதான். இங்கே கேட்கப்பட்டதும் சான்றுதான். அங்கே ஆளைப் பார்த்துக் கேட்டார்கள். எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை. இங்கே வரியைப் பார்த்துக் கேட்டார்கள். கொடுத்தவுடன் கேள்வி தீர்ந்துவிட்டது. நான் இன்று அத்தொகுப்பின் பக்கமே போவதில்லை. ஆனால் நாளை எவரேனும் அந்த இடத்தைத் தொட்டுக் குறியை மறுபடி அறுத்தால், என் ஏழு சோதனைகள் தோற்று அவரைத் தடுக்கும். நான் அங்கே நின்று வாதாட வேண்டியதில்லை.

இதைக் கேட்டு, அது சமத்துவ உலகம் என்று எண்ணிவிடாதீர்கள். சோதனையை ஓட்டுவது இயந்திரம். ஏற்பதும் மறுப்பதும் மனிதர்கள். கிட்ஹப் தளத்துக்கு வந்த திருத்தங்களை ஆராய்ந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மொத்தத்தில் பெண்களின் திருத்தங்கள் ஆண்களுடையவற்றைவிடக் கூடுதலாகவே ஏற்கப்பட்டிருந்தன. ஆயினும் ஒரு திட்டத்துக்குப் புதியவர்களாக வந்தோரில், பெண் என்று அடையாளம் தெரிந்தவர்களுக்கு அந்த ஏற்பு குறைந்திருந்தது. பெயரைக் கொண்டே ஊரையும் தெருவையும் அறிந்துவிடத் தெரிந்த நாட்டில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோதனை அநீதியை ஒழித்துவிடாது. மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கும். அந்தக் காரணமும் எல்லோரும் காண எழுத்தில் நிற்கும். எனக்கு முன்பு கிடைத்ததைவிட அது மேல்.

இங்கே பெரியவர் ஒருவர் எழுந்து, 'தம்பி, கூலி உண்டா?' என்று கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. வெட்டி வேலை செய்தே முதுகு வளைந்தவர்களின் பேரப்பிள்ளைகளை, உலகப் பெருநிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கு இலவசமாக உழைக்கச் சொல்ல நான் துணிய மாட்டேன். பெரும்பாலான திருத்தங்களுக்குக் கூலி இல்லை என்பதே உண்மை. ஜாங்கோ அறக்கட்டளை சிலரை ஊதியத்துக்கு அமர்த்தியிருக்கிறது. 2005 முதல் கூகுள் நடத்திவரும் கோடைத் திட்டத்தில் தேர்வானவர்க்கு உதவித்தொகை உண்டு. இவை சிலர்க்கே கிட்டும். ஆதலால் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய பிள்ளை அதை முதலில் செய்யட்டும். இரண்டு பருவ விடுமுறைகளில் நான்கைந்து திருத்தங்கள் போதும். அவை உங்கள் பெயரில் பதிவாகி நிற்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில், எக்கல்லூரி என்று கேட்பவரிடம் அப்பக்கத்தைத் திறந்து காட்டலாம். அதைப் படிக்கத் தெரியாதவரும் அந்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஆங்கிலம் வராதே என்று தயங்குகிறீர்கள். என் முதல் மடலில் மூன்று பிழைகள் இருந்தன. எவரும் திருத்த வரவில்லை. இப்போது நிரலையும் மடலையும் செயற்கை அறிவு எழுதித் தருகிறது என்பதும் தெரியும். அதைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் அனுப்பினால் முதற்கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வீர்கள். ஜாங்கோ பேசும் மொழிகளில் தமிழும் உண்டு. மொழிபெயர்ப்பில் கைகொடுக்க விரும்புவோர்க்கு அதற்கென்று தனி வழி இருக்கிறது. நிரல் எழுத அஞ்சுவோர் அங்கே தொடங்கலாம். இன்னும் எளிய தொடக்கம் ஒன்று சொல்கிறேன். நிரலைத் தொடாமல், சோதனை இல்லாத ஓரிடத்தைக் கண்டுபிடித்து அதற்குச் சோதனை மட்டும் எழுதி அனுப்புங்கள். அதற்கு நன்றி சொல்லாத பராமரிப்பாளரை நான் கண்டதில்லை.

விடுதியில் நான்கு கணிப்பொறிகள் உள்ளன. அவற்றில் மூன்று ஓடுகின்றன என்று காப்பாளர் சொன்னார். தலைவர் அவர்கள் இசைந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் அந்த அறையில் இருப்பேன். நான்காவதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஒன்பது மணிக்கே வரவும்.