தலையெழுத்தும் மரபெழுத்தும்
(தேனிப் பொதுக்கூட்ட உரையின் சுருக்கம்)

 

ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் உசிலம்பட்டி வட்டாரம். அங்குள்ள மக்களைப் பார்த்து, "நீங்கள் பிறவிக் குற்றவாளிகள்" என்றது வெள்ளையர் ஆட்சி. கைரேகை கேட்டது. மறுத்து நின்றோரை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுச் சாய்த்தது. அந்தக் குற்றப் பழங்குடியினர் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947இல்!

அதே வட்டாரத்தில், ஜோதிமாணிக்கம் என்னும் சிற்றூரில், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் குருதியை ஆய்ந்தார். குற்றத்தையா கண்டார்? இல்லை! எம்130 என்னும் மரபு அடையாளத்தைக் கண்டார். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து வந்த ஆதிமாந்தரின் தடம் அது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் காணப்படுவது.

மனிதனின் மரபேடு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. அதில் ஒரேயோர் எழுத்து மாறியதுதான் எம்130. தந்தை வழியே மகனுக்குச் செல்லும் அந்தக் குறி வீரத்தையும் தராது, வஞ்சத்தையும் தராது; வந்த வழியை மட்டுமே சொல்லும்.

"பயனற்ற எழுத்து ஏடு முழுதும் இருக்குமா?" என்று கேட்போர் உண்டு. புரதம் செய்யும் பகுதி நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. மரபேட்டில் 80 விழுக்காடு செயற்படுகிறது என்று 2012இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. "பார்த்தீரா! எழுதியவன் ஒருவன் இருக்கிறான்!" என்று துள்ளினர் படைப்புவாதிகள். வேதிவினை நடந்தாலே அது பயனாகிவிடாது என்று மறுத்தனர் அறிஞர் பலர். எளிய சான்று வேண்டுமா? வெங்காயம்! ஆம், பெரியார் அடிக்கடி உதிர்த்த அதே சொல்! வெங்காயத்தின் மரபேடு மனிதனுடையதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரிது. எழுத்தெல்லாம் இன்றியமையாதது என்றால், மனிதனைவிட வெங்காயத்துக்கா ஐந்து மடங்கு தேவை?

எழுதியவன் ஒருவன் என்றதும், அவன் உயர்ந்தோன் என்றும் தாழ்ந்தோன் என்றும் எழுதிவைத்தான் என்பார்கள். தலையெழுத்து என்று சொல்லித் தலைமுறைகளைத் தாழ்த்திய கதை நாம் அறியாததா? அந்த நாட்டில்தான், 2023இல் பத்தாம் வகுப்பு மத்தியப் பாடநூலிலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டது!

நமக்கும் ஓர் எச்சரிக்கை, தோழர்களே! "ஆதிக்குடி நாமே" என்று மார்தட்ட எம்130ஐ ஏந்தாதீர்கள். பிறப்பால் இழிவு பொய் என்றால், பிறப்பால் பெருமையும் பொய்யே! எந்த இரு மனிதரின் மரபேட்டை ஒப்பிட்டாலும், ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்துத்தான் வேறுபடும். அந்த ஒன்றுக்காகச் சண்டையிடுவதா? மற்ற 999ஐ எண்ணிக் கைகோப்பதா? கைகோப்போம்!