கலத்தை அழைக்கும் விளக்கு



புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் நினைவுக்கு வரும், கடல் வருவதில்லை. ஆயினும் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என நீளும் நெய்தல் நிலம் நமக்கு உண்டு. அந்நிலத்தின் பழஞ்சொல் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

'கலங்கரை விளக்கம்' என்னும் சொல் சிலப்பதிகாரத்தில் வருகின்றது. இதிலுள்ள 'கரை' கடற்கரை அன்று. கரைதல் என்பது அழைத்தல். கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு என்பதே பொருள். அகநானூற்றில் மருதன் இளநாகனார், மாடத்து எரியும் ஒளியால் திசையறிந்து கலம் செலுத்தும் நீகானைக் காட்டுகின்றார். பெரும்பாணாற்றுப்படையோ, ஏணி சாத்தி ஏறவேண்டிய உயர்மாடத்தில் இரவில் ஏற்றிய விளக்கைப் பாடுகின்றது.

நம் கடல் ஆழமற்றது, கரையோ தாழ்ந்தது. குன்றொன்றும் இல்லாத இக்கரையில் உயர்ந்த கட்டடம் எதுவாயினும் கடலோடிக்கு அடையாளமே. 1974-இல் நம் மாவட்டம் உருவாகும் வரை இக்கடற்பகுதி தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஆகவே வடக்கே மல்லிப்பட்டினத்தருகே சரபேந்திரராசன்பட்டினத்தில் நிற்கும் மனோராவையும் நம்முடையதெனச் சொல்வதில் தவறில்லை.

எட்டு அடுக்குடைய அந்த அறுகோணக் கோபுரத்தை எழுப்பியவர் இரண்டாம் சரபோசி மன்னர். நெப்போலியனின் வீழ்ச்சியையும் ஆங்கிலேயர் வெற்றியையும் போற்ற எழுப்பியதாக அதன் கல்வெட்டு 1814 எனும் ஆண்டுடன் கூறுகின்றது. அடுத்த ஆண்டே நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து மீண்டு, நூறு நாள் ஆண்டு, வாட்டர்லூவில் மறுபடி வீழ்ந்தான்! அந்தப் போரோடு நம் மீனவர்க்கு என்ன தொடர்பு? அவர்கள் அதை வெற்றித்தூணாகப் பார்க்கவில்லை. கரையைக் காட்டும் கலங்கரை விளக்கமாகவே வழங்கினர். மன்னர் நினைத்த பொருள் மறைந்தது. மக்கள் கொண்ட பொருள் நின்றது.

2004 ஆழிப்பேரலையில் கோடியக்கரையின் பழைய கலங்கரை விளக்கம், சோழர் காலத்தது எனப்படுவது, இடிந்து சிதைந்தது. கல் போனால் மீண்டும் அடுக்கலாம். அறிவு போனால் என் செய்வது? எந்தக் கோபுரம் எந்தப் பனைக்கு நேரே தெரிந்தால் எங்கே வலை வீசலாம் என்று கண்ணளவில் கணித்தவர்கள் நம் முதியோர். இன்று அவ்விடத்தைக் கையடக்க ஜி.பி.எஸ். கருவி சொல்கின்றது. கருவி நன்றே, உயிர் காக்கின்றது. ஆனால் அம்முதியோரின் சொற்களும் குறிகளும் எந்த அகராதியிலும் ஏறாமல் அவர்களோடு மறைந்துவிடக் கூடாது.

பத்தாண்டு கண்ட நம் வட்டம் சங்கப் பாடல்களுக்கு உரை கேட்டது போதும் என்று நான் சொல்லவில்லை. பதினோராம் ஆண்டில் மணமேல்குடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் சென்று, நெய்தலை வாழ்ந்தவர் வாயிலாகவும் கேட்டு எழுதுவோம் என்கின்றேன். இளநாகனார் காட்டிய நீகானின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே செல்வோம்.