சைக்கிளில் சுமை ஏற்ற முன்



ஊருக்குத் திரும்பியதும் கடைக்கும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீங்கள் நம்பியிருக்கப் போவது சைக்கிளைத்தான். அதில் முதலில் பின் கரியரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கால்கம்பி இறங்கி, பின்சில்லு அச்சோடு நட்டுப் போட்டு இறுக்கிய இரும்புக் கரியர்தான் பாரம் தாங்கும். கையால் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் நட்டை இறுக்குங்கள். கறள் தின்றிருந்தால் வெல்டிங் செய்து எடுங்கள்.

முன்கூடை மரக்கறிக்கும் புத்தகப் பைக்கும் போதும். 20 லீற்றர் தண்ணீர் என்றால் 20 கிலோ. அதை ஹாண்டிலில் தொங்கவிட்டால் மணல் ஒழுங்கையில் சைக்கிள் சரித்து விழுத்திவிடும். அரிசிப் பையைத் தொங்கவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள் நான். பாரத்தை இரண்டாகப் பிரித்து, கரியரின் இரு பக்கமும் சமமாக, தாழ்வாகக் கட்டுங்கள். இரண்டு உரப்பைகளை வாய்ப்பக்கமாக இணைத்துத் தைத்தால் அதுவே பக்கப்பை. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பை சில்லுக் கம்பியில் உரசக்கூடாது. கட்டுவதற்குக் கயிற்றைவிடப் பழைய ரியூப்பைக் கீலமாக வெட்டி எடுத்தது நல்லது. இழுத்துக் கட்டினால் இளகாது.

பிள்ளையைப் பின்னால் ஏற்றினால் கால் சில்லுக்குள் போகாதபடி மறைப்புப் போடுங்கள்.

இறுக்கிக் கட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணிவெடி அகற்றி முடியாத பகுதிகளில், வீதியோரப் பற்றைக்குள் ஒரு தேங்காய் உருண்டு போனாலும் பின்னால் போகாதீர்கள். மண்டையோட்டுப் பலகை இல்லாத இடத்திலும் இறங்க வேண்டாம். தேங்காய் போனால் போகட்டும்.