ஒரே உலோகம் என்று கணினிக்கு யார் சொல்வது?



பொருளறிவியல் ஆய்வில் ஒருவர் தரவு இன்னொருவருக்குப் பயன்பட என்ன வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி எவ்வளவு? பிளஸ் டூ மாணவரைக் கேட்டால் 1.1 எலக்ட்ரான் வோல்ட் என்பார். அறை வெப்பநிலையில் அளந்தால் 1.12. ஆனால் கணக்கீட்டு முறையில் உருவான தரவுத்தளம் ஒன்றைத் திறந்து தேடுங்கள், 0.6 அளவில் ஓர் எண் வரும். இதில் யாருடைய பிழையும் இல்லை. டிஎஃப்டி எனப்படும் டென்சிட்டி ஃபங்ஷனல் தியரியில், பிபிஇ என்ற வழக்கமான தோராயத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஆற்றல் இடைவெளி குறைத்துத்தான் வரும். அந்த வேலையில் இருப்பவர்கள் அதைத் தெரிந்தே படிக்கிறார்கள். ஆனால் அளந்த எண்ணுக்கும் கணக்கிட்ட எண்ணுக்கும் தலைப்பு ஒன்று, அலகும் ஒன்று. இரண்டையும் ஒரே அட்டவணையில் கொட்டி இயந்திரக் கற்றல் மென்பொருளுக்குக் கொடுத்தால் அது எதையும் சந்தேகிக்காமல் கற்றுக்கொள்ளும்.

2011 ஜூன் மாதம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதிபர் ஒபாமா ‘மெட்டீரியல்ஸ் ஜீனோம் இனிஷியேட்டிவ்’ திட்டத்தை அறிவித்தார். புதிய பொருள்கள் ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு வரும் காலத்தைப் பாதியாக்குவது நோக்கம். பெர்க்லியில் மெட்டீரியல்ஸ் புராஜெக்ட், டியூக் பல்கலைக்கழகத்தில் ஆஃப்லோ, ஜெர்மனியில் நோமாட் என்று அந்தக் காலகட்டத்தில் தரவுத்தளங்கள் பெருகின. ஒவ்வொன்றும் தன் வசதிக்கேற்பத் தலைப்பிட்டுக்கொண்டது. கோப்பு வடிவத்தை மாற்றிக்கொடுக்க ஒரு நல்ல நிரலாளருக்கு ஒரு வாரம் போதும். தலைப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது.

உதாரணமாக, நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் நல்ல ரகம் 304. ஐரோப்பியத் தரத்தில் அதற்கு 1.4301 என்று பெயர், ஜப்பானியத் தரத்தில் எஸ்யுஎஸ் 304. கையேடுகளில் மூன்றையும் ஒரே வரியில் அச்சிட்டிருப்பார்கள், வியாபாரத்துக்கு அது போதும். ஆனால் தரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குரோமியம் ஐரோப்பாவில் 17.5 முதல் 19.5 விழுக்காடு வரை, ஜப்பானில் 18 முதல் 20 வரை. கார்பனின் உச்ச வரம்பு ஐரோப்பாவில் 0.07, ஜப்பானில் 0.08. 17.6 விழுக்காடு குரோமியம் உள்ள தகடு ஐரோப்பாவில் தேறும், ஜப்பானில் தேறாது.

செமான்டிக் டெக்னாலஜி, அதாவது பொருண்மைத் தொழில்நுட்பம் எனப்படுவது இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. ஒவ்வொரு தகவலையும் எழுவாய், உறவு, மதிப்பு என மூன்று உறுப்புள்ள கூற்றாக எழுதுவது ஆர்டிஎஃப். அந்த உறவுகளுக்கு என்ன அர்த்தம், எதிலிருந்து எதை ஊகிக்கலாம் என்று கணினிக்குச் சொல்லும் ஏற்பாடு ஆன்டாலஜி. அதற்கான மொழியாகிய ஓடபிள்யுஎல்லில் ‘இதுவும் அதுவும் ஒன்றே’ என்று சொல்ல ஓர் உறவு உண்டு. 304க்கும் 1.4301க்கும் நடுவில் யாராவது அதைப் போட்டுவிட்டால், ஒன்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் மற்றதற்கும் பொருந்தும் என்று கணினி எடுத்துக்கொள்ளும். அந்த 17.6 விழுக்காட்டுத் தகடு கணினியின் கணக்கில் ஜப்பானியத் தரத்திலும் தேறிவிடும். ‘கிட்டத்தட்ட ஒன்று’ என்ற நம் அன்றாடச் சொல்லைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது கடினம். வேறு உறவுகள் இருக்கின்றன, ஆனால் அவசரத்தில் கை போவது முதல் உறவுக்குத்தான்.

ஒரே பெயருக்கு அடியில் வேறு வேறு அர்த்தம் கிடக்கும் இந்தத் தொல்லையை முதலில் ஒழுங்காகத் தீர்த்தவர்கள் படிகவியலாளர்கள். அடிபட்டுத்தான் கற்றார்கள். 1920களில் சுவீடனின் சீக்பான், கால்சைட் படிகத்தின் அடுக்கு இடைவெளியை வைத்து எக்ஸ் அலகை வரையறுத்தார். ஆயிரம் எக்ஸ் அலகு ஓர் ஆங்ஸ்ட்ராம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பார்த்தால் அது 1.00202 ஆங்ஸ்ட்ராம். பிழையின் வேரைத் தேடிப் போனவர்கள், எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனையில் காற்றின் பாகியலுக்கு எடுத்துக்கொண்ட மதிப்பில் போய் நின்றார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது பாருங்கள்! 1947இல் படிகவியலாளர் பிராக் மாற்றுக் காரணியை அறிவித்தார். அதற்கு முன் ஆங்ஸ்ட்ராம் என்று அச்சான எண்கள் பலவும் உண்மையில் அந்த வேறு அலகில் இருந்தவை. ஆயிரத்தில் இரண்டு பங்குதானே என்று தள்ள முடியாது. சிலிக்கானின் அணிக்கோவை நீளத்தை 5.4310(2) ஆங்ஸ்ட்ராம் என்று ஒருவர் எழுதினால், அடைப்புக்குள் இருக்கும் 2 கடைசி இலக்கத்தின் ஐயப்பாடு. அந்த ஐயப்பாட்டைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல் இந்த அலகுக் குழப்பம்.

1991இல் ஹால், ஆலன், பிரவுன் மூவரும் வெளியிட்ட சிஐஎஃப் கோப்பு முறைக்குப் பின்னால் இந்த எச்சரிக்கை உணர்வு தெரிகிறது. வெறும் உரைக்கோப்புதான். ஆனால் ஒவ்வொரு தலைப்பும் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் அகராதியில் வரையறுக்கப்பட்டது. அலகும் அங்கேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு: மதிப்பு தெரியாவிட்டால் கேள்விக்குறி, அந்த மதிப்புக்கே இடமில்லை என்றால் ஒரு புள்ளி. நம் ஆய்வகக் குறிப்பேடுகளில் இந்த இரண்டுமே வெற்றுக் கட்டமாகத்தான் கிடக்கும். வெற்றுக் கட்டத்தைச் சில மென்பொருள்கள் பூஜ்யமாகப் படித்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

முறை நன்றாக இருந்ததால் மட்டும் சிஐஎஃப் நிலைத்துவிடவில்லை. ஒன்றியமே ஆய்விதழ்களை நடத்தியது. கோப்பு வராவிட்டால் கட்டுரை வராது. வந்த கோப்பைச் செக்சிஐஎஃப் என்ற நிரல் சோதித்து ஏ, பி, சி என்று எச்சரிக்கை எழுப்பும். ஏ நிலை எச்சரிக்கை வந்தால் ஆசிரியர் விளக்கம் எழுதியாக வேண்டும். புரதப் படிகங்களின் பக்கம் போனால், ஜி. என். ராமச்சந்திரனும் சக ஆய்வாளர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1963இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் புரோட்டீன் டேட்டா பேங்கின் சரிபார்ப்பு அறிக்கையில் ஒரு வரியாக இருக்கிறது. அணுக்களின் ஆயத்தொலைவுகளை எல்லோரும் ஒரே முறையில் எழுதுவதால்தான், உலகின் எந்த மூலையிலிருந்து வரும் புரத அமைப்பையும் அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

உலோகவியல் பக்கம் நிலைமை வேறு. படிகவியலாளர்களுக்கு அளவிட ஒரே வகைப் பொருள் இருந்தது. நமக்கு அப்படியில்லை. இழுவிசைச் சோதனையில் அறுபடும் வரை தகடு எவ்வளவு நீண்டது என்று விழுக்காட்டில் எழுதுகிறோம். ஜப்பானிய மாதிரித் துண்டில் 50 மில்லிமீட்டர் நீளத்துக்குள் அளப்பார்கள், ஐரோப்பாவில் கார்த் தகட்டுக்குப் பெரும்பாலும் 80. அறுபடும் முன் துண்டு ஓரிடத்தில் இடுப்புப் போல ஒடுங்கி அங்கேதான் அதிகம் நீள்கிறது. அந்த நீட்சியைச் சிறிய நீளத்தால் வகுத்தால் விழுக்காடு கூடும். ஆகவே ஒரே சுருளில் வெட்டிய தகடு ஜப்பானில் கூடுதலாக நீள்வது போல ஏட்டில் தெரியும். உருட்டிய திசை, இழுத்த வேகம், அதற்கு முன் செய்த வெப்பச் செயல்முறை எல்லாம் இதன்மேல் ஏறும். அந்த எண் உலோகத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. சோதனைக்கும் அதில் பங்குண்டு.

இதையெல்லாம் அடிப்படையிலிருந்து சரிசெய்ய ஐரோப்பாவில் எம்மோ என்ற ஆன்டாலஜியைக் கட்டிவருகிறார்கள். முழுமைக்கும் பகுதிக்கும் உள்ள உறவு பற்றிய தர்க்கம், அமெரிக்கத் தத்துவ அறிஞர் பியர்ஸின் குறியியல் இரண்டும் அதன் அடித்தளத்தில் இருக்கின்றன. அறிவுக்கு விருந்து, சந்தேகமில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு உலையை அணைத்துவிட்டு விடுதிக்குப் போகும் ஆராய்ச்சி மாணவர் அதைத் திறந்து பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நீட்சிக்குப் பக்கத்தில் அளவு நீளம், திசை, வேகம் என்று மூன்று பத்திகளைக் கட்டாயமாக்கும் துறைத்தலைவர் இன்றைக்கு அதைவிட அதிகம் சாதிப்பார். ஆன்டாலஜி பின்னால் வந்து அந்தப் பத்திகளுக்குப் பெயர் வைக்கட்டும். இதில் கருத்து வேறுபடுபவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள் என்று தெரியும்.

எளிமையாகத் தொடங்கிய முயற்சிக்கு உதாரணம் ஆப்டிமேடு. 2016இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் தரவுத்தளக்காரர்கள் கூடிப் பேசியதில் பிறந்தது. 2020இல் முதல் முழுப் பதிப்பு. காலியமும் நைட்ரஜனும் உள்ளவை எவை என்று ஒரே கேள்வியை ஒரே நடையில் எழுதிப் பல தரவுத்தளங்களிடம் கேட்கலாம். பொதுச் சொற்கள் கொஞ்சம்தான். அதற்கு மேல் ஒரு தரவுத்தளம் தன் சொந்தச் சொல்லைச் சேர்க்க விரும்பினால், முன்னால் தன் அடையாளத்தை ஒட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்; அப்போது அது பொதுச் சொல் என்று யாரும் ஏமாற மாட்டார்கள். விதிகள் கறார். சுருக்க வாய்பாட்டில் தனிமங்கள் ஆங்கில அகர வரிசையில்தான் வர வேண்டும். அதனால் சாப்பாட்டு உப்பில் குளோரின் முன்னால் வந்து, சோடியம் பின்னுக்குப் போய்விடும். வேதியியல் ஆசிரியர் யாரும் மதிப்பெண் போட மாட்டார். ஆனால் தேடினால் கிடைக்கும்.

இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2023 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரையை நீங்கள் படித்திருப்பீர்கள். பெர்க்லியில் ஏ-லேப் என்ற தானியங்கி ஆய்வகம் 17 நாளில் 58 இலக்குகளில் 41 பொருள்களைத் தானே தயாரித்துவிட்டது என்றார்கள். அடுத்த ஆண்டே பிரின்ஸ்டனின் லெஸ்லி ஸ்கூப், லண்டனின் ராபர்ட் பால்கிரேவ் முதலானோர் மறுத்து எழுதினார்கள். புதிய பொருள் ஒன்றுகூட இல்லை, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே தெரிந்த பொருள்களின் ஒழுங்கற்ற வடிவம் என்பது அவர்கள் வாதம். டிஎஃப்டி கணக்குக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு முழு அணு வேண்டும். அதனால் இரண்டு உலோகங்கள் ஒரே வகை இடங்களைப் பங்குபோடும்போது, கணினி அவற்றை வரிசையாக அடுக்கிக்கொள்கிறது. உலையிலோ அவை தாறுமாறாகக் கலந்துவிடும். அடுக்கியது ஒரு தரவுத்தளத்தில், கலந்தது வேறொன்றில். இரண்டும் வேறு வேறு பொருள் என்று கணினி எண்ணிவிட்டது.

ஓர் இடம் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று எழுத சிஐஎஃப் கோப்பில் தனிப் பத்தி உண்டு. ஆப்டிமேடிலும் ‘ஒழுங்கின்மை’ என்று குறிக்க ஓர் அடையாளம் இருக்கிறது. கணக்கீட்டுத் தரவுத்தளத்தில் அதை நிரப்ப எதுவும் இல்லை, ஏனென்றால் அங்கே இருப்பவை எல்லாமே ஒழுங்கான அமைப்புகள். மறுத்து எழுதியவர்களுக்கு ஆதாரமாக அமைந்தவையோ ஏ-லேப் தன் கட்டுரையோடு வெளியிட்டிருந்த எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் பதிவுகள்தாம்.